இறால் தட்டைப்பயறு பிரட்டல்: எங்கே தவறுகிறது?

பயறு ஊறியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிகிற, இதயத்துக்கு ஏற்ற இரவுச் சாப்பாடு இது. புரதமும் நார்ச்சத்தும் தாராளம், நிறைவுற்ற கொழுப்பு குறைவு. ஆனால் பயறு வேகும் நேரம் வேறு, இறால் வேகும் நேரம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டால் ஒன்று கெட்டே தீரும்.

மூன்று பேருக்கு 150 கிராம் தட்டைப்பயறு, உரித்த இறால் 300 கிராம் போதும். பயறைக் காலையிலேயே ஊறவையுங்கள். வேலை மிச்சமென்று தக்காளி, புளியையும் பயறோடு குக்கரில் போடுவதுதான் முதல் தவறு. புளிப்பு பட்டால் பயறு இளகாது. விசில் கூடினாலும் நறுக் நறுக்கென்றே இருக்கும். பழியை உப்பின் மேல் போடுவார்கள், குற்றவாளி புளிப்புதான். வெறும் தண்ணீரில் 3 விசில் விட்டு, அந்தத் தண்ணீரை மசாலாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பசோடா வேண்டாம், சோடியம் ஏறும். தட்டைப்பயறுக்குப் பதிலாக ராஜ்மா என்றால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாகக் குழைய வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

இறாலில்தான் அதிகம் சொதப்புகிறது. முதுகைக் கீறிக் குடலை எடுத்துக் கழுவியபின், நீரை ஒட்ட வடித்துத் துணியில் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு போட்டால் வதங்காது, தண்ணீர் விட்டு அவியும். எலுமிச்சைச் சாற்றில் வெகுநேரம் ஊறவைத்தாலும் சதை விறைக்கும். மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் போதும். 3 டீஸ்பூன் நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கி, பயறும் சேர்ந்து கெட்டியானபிறகே இறால். நடுத்தர அளவென்றால் 3 நிமிடம். கண்ணாடி போலிருந்த சதை உள்வரை வெளுத்து, அரைவட்டமாக வளைந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். முழு வளையமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர்தான், திரும்பக் கொண்டுவர வழியில்லை.

கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றினால் இதயத்துக்காகச் சமைத்ததன் பலன் பாதி போய்விடும், அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். ருசிக்காகக் கருவாடு சேர்த்தாலும் பலன் குறையும், அதில் உப்பு அதிகம். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மொத்தப் பிரட்டலுக்கும் முக்கால் டீஸ்பூனைத் தாண்டாதீர்கள். உறைய வைத்த இறாலில் சிலசமயம் உப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கும், பொட்டலத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கொலஸ்ட்ராலுக்காக மருத்துவர் இறாலைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மத்தி எடுங்கள், ஒமேகா-3 நிறைந்த மீன். கரண்டி போட்டால் உடைந்துவிடும். சட்டியைப் பிடித்துச் சுழற்றி விடுங்கள்.