அன்டில் டான் ஆடும்போது முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள்

2015-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த 'அன்டில் டான்' கேமில், பனிமலை பங்களாவுக்கு வரும் எட்டுப் பேரின் உயிர் நம் கையில். நிஜமாகவே கையில்தான். 'அசையாதே' என்று திரையில் வந்ததும், கண்ட்ரோலருக்குள் இருக்கும் சென்சார் நம் நடுக்கத்தைக் கவனிக்க ஆரம்பித்துவிடும். திரையில் தெரியும் ஒளி அதன் கோட்டை விட்டு விலகினால், ஒளிந்திருப்பவர் மாட்டிக்கொள்வார்.

அதனால் தொடக்கத்திலிருந்தே மடியில் ஒரு தலையணையை வைத்து, முழங்கைகளை அதில் ஊன்றி ஆடுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு கண்ட்ரோலரை மேஜையில் வைக்கப் போனால் அந்த அசைவே போதும், காரியம் கெட்டுவிடும். பெரும்பாலும் அதே நேரத்தில் திடுக்கிட வைக்கும் சத்தமும் வரும். ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

அப்புறம், பட்டன் காட்டுகிறார்கள் என்பதற்காக அழுத்தியே ஆக வேண்டும் என்றில்லை. ஆரம்பத்தில் துப்பாக்கி சுடும் இடத்தில் ஓர் அணில் வரும். அதைச் சுட்டால் சற்று நேரத்தில் ஒரு பறவை பாய்ந்து, எட்டுப் பேரில் ஒருத்தியான சாமின் முகத்தைக் கீறிவிடும். சும்மா விட்டால் ஒன்றும் ஆகாது. சும்மா இருப்பதும் இங்கே ஒரு முடிவுதான்.

தானாகவே சேவ் ஆகும் கேம் இது. நினைத்த இடத்துக்குத் திரும்ப முடியாது. முதல் தடவை யார் செத்தாலும் நிறுத்தாமல் முடித்துவிடுங்கள். பிறகு வேண்டிய அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஆடலாம்.