காம்பாக்ட் கேமராக்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

இரண்டு காம்பாக்ட் கேமராக்களை அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது மெகாபிக்சலும் ஜூமும்தான். பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனால் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் எண்கள் வேறு இரண்டு: சென்சாரின் (ஒளியைப் பதிந்து படமாக்கும் சில்லு) அளவு, ஜூமை முழுதாக நீட்டியபின் லென்ஸின் எஃப் எண் (லென்ஸின் துவாரத்தைக் குறிப்பது; எண் சிறிதானால் ஒளி அதிகம்). இவை விவரப் பட்டியலுக்குள் சிறிய எழுத்தில் கிடக்கும். அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: சென்சாரைப் பாருங்கள்

சாதாரண காம்பாக்டுகளில் இருப்பது 1/2.3 அங்குல சென்சார், ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ. விலை கூடியவற்றில் 1 அங்குல சென்சார், 13.2 × 8.8 மி.மீ. (இந்த ‘அங்குலம்’ பழைய வீடியோ கேமராக் குழாய்களின் காலத்திலிருந்து வரும் பெயர். ஸ்கேல் வைத்து அளந்தால் பொருந்தாது.) பரப்பளவில் இரண்டாவது நான்கு மடங்கு பெரியது. அதனால் 1 அங்குல சென்சார் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அமைப்பு; ஏற்றினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 1600-இல் தருகிற படம், சிறிய சென்சார் ஐஎஸ்ஓ 400-இல் தருகிற படத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். மாலை வெளிச்சத்திலும் வீட்டுக்குள்ளும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நல்ல வெயிலில் அவ்வளவாகத் தெரியாது.

சட்டைப் பைக்குள் 1 அங்குல சென்சாரைக் கொண்டுவந்த கேமரா 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100. ரிக்கோ ஜிஆர் 3 இன்னும் பெரிய ஏபிஎஸ்-சி சென்சாரை அதே அளவு உடலுக்குள் வைத்திருக்கிறது. அதற்கு விலையாக ஜூம் இல்லை, உள்ளமைந்த ஃபிளாஷும் இல்லை. சிறிய உடல், பெரிய சென்சார், நீண்ட ஜூம் என்ற மூன்றும் ஒரே கேமராவில் சேராது. எதை விட்டுக்கொடுக்க முடியும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 2: ஜூமின் கடைசி முனையைப் பாருங்கள்

லென்ஸைச் சுற்றி இரண்டு எஃப் எண்கள் பொறித்திருக்கும். விளம்பரத்தில் வருவது முதல் எண் மட்டும். அந்த ஆர்எக்ஸ்100-இன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/1.8; ஜூமை முழுதாக நீட்டினால் எஃப்/4.9. உள்ளே வரும் ஒளி ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3, எஃப்/1.8-இல் தொடங்கி எஃப்/2.8-இல் நிற்கிறது. மேடை நிகழ்ச்சி எடுப்பவருக்கு இதுதான் உதவும்.

30 மடங்கு ஜூம் உள்ள கேமராவின் நீண்ட முனை (35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில்) 720 மி.மீ. குவியத்தூரம் வரை போகும், எஃப் எண் 6.4-ஐத் தொட்டுவிடும். நிலைப்படுத்தி (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) இல்லாமல் கையில் பிடித்து எடுக்க, ஷட்டர் வேகம் விநாடியில் 1/720 பங்காவது வேண்டும். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றும், படம் மணல் தூவியதுபோல் ஆகும். பகலில் பறவை பார்க்க இந்த வகை அருமை. இரவு நிகழ்ச்சிக்கு உதவாது. டிஜிட்டல் ஜூமை ஒப்பீட்டிலேயே சேர்க்காதீர்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே.

படி 3: நீங்களே எடுத்துப் பாருங்கள்

கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் சொந்த மெமரி கார்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும்.

புத்தகங்கள் நிறைந்த அலமாரி நல்ல சோதனைப் பொருள். கேமராவை ட்ரைபாடில் அலமாரிக்கு நேராக, சாயாமல் வையுங்கள். 2 விநாடி டைமர், நிலைப்படுத்தி அணைப்பு, ஃபிளாஷ் அணைப்பு. வொயிட் பேலன்ஸை (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) இரண்டு கேமராவிலும் ஒரே அமைப்பில் நிறுத்துங்கள். அகல முனையில் ஒரு படம், நீண்ட முனையில் ஒரு படம். பிறகு ஐஎஸ்ஓ 100, 400, 1600, 3200 என்று வரிசையாக எடுங்கள்.

கணினியில் பார்க்கும்போது பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 12 மெகாபிக்சல் படத்தையும் 20 மெகாபிக்சல் படத்தையும் 100 சதவீதத்தில் வைத்து ஒப்பிட்டால், அதிக மெகாபிக்சல் கேமரா அநியாயமாகத் தோற்கும். பெரிய படத்தைச் சுருக்கி இரண்டையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவந்த பிறகு பாருங்கள். நான்கு மூலைகளிலும் எழுத்து படிக்க வருகிறதா? ஒரு பக்கம் மட்டும் மங்கினால், கேமராவைச் சரியாக நேராக வைத்து இன்னொரு முறை எடுங்கள். அப்போதும் அதே பக்கம் மங்கினால் லென்ஸின் கண்ணாடிகள் நடு விலகியிருக்கின்றன. அந்தக் கேமரா வேண்டாம். உயர் ஐஎஸ்ஓவில் புள்ளிகளை மட்டும் பார்க்காமல் துணியின் இழைகளையும் முடியையும் பாருங்கள். புள்ளி இல்லாமல் இழையும் கரைந்திருந்தால், கேமரா அந்தப் புள்ளிகளை (நாய்ஸ்) துடைக்கும்போது விவரத்தையும் சேர்த்துத் துடைத்திருக்கிறது.

படி 4: வேகமும் பேட்டரியும்

கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, சரியாக 5 விநாடி வரும்போது அமுக்குங்கள். படத்தில் 5.4 என்று பதிந்திருந்தால் 0.4 விநாடி தாமதம். ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். பட்டனைப் பாதி அமுக்கி ஃபோகஸ் செய்த பிறகும் ஒருமுறை சோதியுங்கள். ஓடுகிற குழந்தையைப் பிடிக்க முடியுமா என்பது இங்கேதான் தெரியும்.

பேட்டரிக்கு சிஐபிஏ எண்ணை (ஒரு சார்ஜில் எத்தனை படம் என்று கேமரா நிறுவனங்களின் சங்கம் வகுத்த முறையில் அளந்தது) ஒப்பிடுங்கள். ஜிஆர் 3-க்கு அது சுமார் 200 படங்கள்தான். உபரி பேட்டரியின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

படி 5: கைபேசியோடும் ஒப்பிடுங்கள்

புதிய கைபேசிகள் இரவில் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குகின்றன. அதனால் 1/2.3 அங்குல காம்பாக்ட் இரவில் அவற்றிடம் தோற்பதுண்டு. தொலைவிலிருப்பதை ஜூம் செய்து எடுக்கவோ, நிஜமான ஃபிளாஷ் வெளிச்சம் வேண்டியோ, தண்ணீருக்குள் எடுக்கவோதான் அந்த வகையை வாங்கலாம். 15 மீட்டர் ஆழம் தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 கடைசித் தேவைக்குப் பொருந்தும்.

பழைய கேமரா என்றால்

உள்ளும் வெளியும் நகரும் லென்ஸ், காற்றோடு தூசியையும் இழுக்கும். வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல், லென்ஸின் துவாரத்தை முடிந்தவரை சிறிதாக்கி, ஜூமின் இரு முனைகளிலும் எடுங்கள். கரும்புள்ளி ஒரே இடத்தில் நின்றால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால், உடலைப் பிரிக்காமல் அது போகாது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று மேசையில் வைத்துப் பாருங்கள், ஆடினால் மாற்றவேண்டும். 2006-க்கு முந்தைய கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டைப் படிக்காது. எக்ஸ்டி (xD) என்ற பழைய வகைக் கார்டு கேட்பதாக இருந்தால், கார்டும் சேர்ந்து கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.