கீழ்க்கடைவாய் இம்ப்ளாண்ட்: நரம்பைத் தொடாமல் துளையிடும் கணக்கு

கீழ்க்கடைவாயில் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைத்தபின் உதடும் முகவாயும் மரத்தே கிடந்தால், பெரும்பாலும் கையைவிடக் கணக்கில்தான் பிழை இருக்கும்.

சிபிசிடி (தாடையின் முப்பரிமாண ஸ்கேன்) எடுங்கள். ஓபிஜியில் (தாடை முழுவதையும் காட்டும் தட்டையான எக்ஸ்ரே) உருப்பெருக்கம் இடத்துக்கு இடம் மாறும். முதல் பார்வைக்கு அது போதும், அளக்கப் போதாது. நரம்புக் குழாயை (கீழ்உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு தாடைக்குள் ஓடும் வழி) நீங்களே கோடிட்டுக் குறியுங்கள். முன்கடைவாய் என்றால் மென்டல் துளைக்கு (நரம்பு தாடையிலிருந்து வெளியேறும் துளை) முன்னால் நரம்பு வளைந்து திரும்பும் தூரத்தையும் அளக்க வேண்டும்.

அடுத்தது கழித்தல். சறுக்குவது இங்கேதான். எலும்பு முகட்டிலிருந்து குழாயின் மேல்விளிம்புவரை 13 மி.மீ. என்று வைப்போம். முகடு மெலிந்திருப்பதால் 1.5 மி.மீ. சீவப் போகிறீர்கள், மிச்சம் 11.5. பாதுகாப்பு இடைவெளி 2 போனால் 9.5. டிரில்லில் 10 என்று கோடு இருந்தாலும் பல தயாரிப்புகளில் கூர்முனை அந்தக் கணக்கில் சேராது. அது 1 மி.மீ. கூடுதலாக இறங்கும் என்றால் 8.5. ஆகவே 8 மி.மீ. இம்ப்ளாண்ட். '13 இருக்கிறதே' என்று 10 எடுத்தால், டிரில் முனைக்கும் குழாய்க்கும் நடுவே 0.5 மி.மீ.தான் மிஞ்சும். முனையின் கூடுதல் நீளம் தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும், பார்க்காமல் துளையிடாதீர்கள்.

(பின்சேர்க்கை: முகட்டுக்குக் கீழே புதைத்து வைப்பதானால் அந்த ஆழத்தையும் கழியுங்கள்.)

டிரில் ஸ்டாப் (குறித்த ஆழத்துக்கு மேல் இறங்காமல் தடுக்கும் வளையம்) கட்டாயம். குழாயின் மேற்சுவர் தடுத்து நிறுத்தும் என்பதை நம்பவே கூடாது; பலருக்கு அது மெல்லிசு. முதல் துளைக்கான 2 மி.மீ. விட்டமுள்ள பைலட் டிரில்லை முழு ஆழத்துக்கு விடாமல் நிறுத்தி, துளையில் திசைகாட்டும் கைடு பின் வைத்து ஒரு எக்ஸ்ரே. திடீரென்று ரத்தம் பொங்கினால் நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள்; அன்று இம்ப்ளாண்ட் வேண்டாம்.

ஒப்புதல் படிவத்தை நாற்காலியில் உட்காரவைத்த பிறகு நீட்டாதீர்கள். மரப்பு நிரந்தரமாகவும் இருக்கலாம் என்பதும், பிரிட்ஜ், பல்செட், எதுவும் செய்யாமல் விடுவது என்ற மாற்று வழிகளும் நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுத்தில் இருக்கட்டும்.

மரப்பு ஊசி தெளிந்திருக்க வேண்டிய நேரத்தில், அன்றைக்கே போன் செய்யுங்கள். இன்னும் மரத்திருந்தால் 'தானாகச் சரியாகும்' என்று சொல்லி வழக்கை வளர்க்காமல் உடனே வரச்சொல்லிப் படம் எடுங்கள். இம்ப்ளாண்ட் குழாயைத் தொட்டாலோ அழுத்தினாலோ 24 முதல் 36 மணி நேரத்துக்குள் கழற்றுவதே நல்லது. பஞ்சாலும் ஊசிமுனையாலும் சோதித்து, மரத்த பரப்பைத் தோலில் வரைந்து, தேதி தெரியப் புகைப்படம் எடுங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் 3 மாதம் கடக்குமுன் நரம்பு நுண்அறுவை நிபுணரிடம் அனுப்புங்கள். வலி கூடினால் அதற்கும் முன்பே.

நோயாளியின் பழைய சிகிச்சைக் குறிப்பில் எதையும் திருத்தாதீர்கள். விட்டுப்போனதை இன்றைய தேதியிட்டுத் தனிப்பதிவாகச் சேருங்கள்.