விம், நியோவிம்: செருகுநிரல் சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

விம் அல்லது நியோவிம் என்ற உரைத் திருத்திகளில், கூடுதல் வசதி தரும் புதிய செருகுநிரல் (plugin) ஒன்றைச் சேர்க்க நினைப்பவர்கள், அந்த வேலையைத் திருத்தியே ஏற்கெனவே செய்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. நிரல்வரியைக் குறிப்புரையாக (கணினி ஓட்டாமல் விடும் வரியாக) மாற்றப் பலரும் தனிச் செருகுநிரல் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2024-இல் வந்த நியோவிம் 0.10 முதல், அந்த வரியில் நின்று 'ஜிசிசி' (gcc) என்று தட்டினாலே போதும்.

அடுத்து, செருகுநிரல் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று பாருங்கள், ஏனெனில் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பைத்தானில் எழுதியது, பைத்தான் ஆதரவுடன் உருவாக்கப்பட்ட (compile) விம்மில் மட்டுமே ஓடும். விம்மில் 'வெர்ஷன்' (:version) கட்டளையைக் கொடுத்து, வரும் நீண்ட பட்டியலில் 'பைத்தான்3' என்பதன் முன் கூட்டல் குறி இருக்கிறதா, கழித்தல் குறி இருக்கிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். சர்வர்களில் இருக்கும் சிறிய விம்மில் பெரும்பாலும் கழித்தல்தான்.

லுவா என்ற நிரல்மொழி நியோவிம்முக்குள்ளேயே இருப்பதாலும், 2021-இல் வந்த 0.5 பதிப்பு முதல் அமைப்புக் கோப்பையே அதில் எழுத முடிவதாலும், நியோவிம் மட்டும் பயன்படுத்துவோர் வேறு மொழியைத் தேட வேண்டியதில்லை. விம் 9.0 கொண்டுவந்த விம்9 ஸ்கிரிப்ட் என்ற புதிய நிரல்மொழி வேகமானது, ஆனால் நியோவிம்மில் ஓடாது. விம், நியோவிம் இரண்டிலும் புழங்குபவர்கள், தாங்களே எழுதும் சிறு நீட்டிப்புகளுக்குப் விம்மின் சொந்த நிரல்மொழியான பழைய விம் ஸ்கிரிப்ட்டையே வைத்துக்கொள்ளலாம். அழகான மொழி அல்ல என்றாலும், இரண்டு இடத்திலும் ஓடுவது அதுதான்.