கொசஸ்தலையாற்றுப் படுகையில் எதை எங்கே நடுவது: தொடங்குவோருக்கான நடவுத் திட்டம்

புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் சாமியார்மடம், தண்டல்கழனி, வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தை நோக்கிச் செல்கிறது. ஏரியருகே நன்னீராகத் தொடங்கும் இக்கால்வாய், கடலை நெருங்கும்போது ஓதம் (கடல்நீர் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறி இறங்கும் உப்பங்கழியாகிவிடுகிறது. ஆகவே எந்தச் செடியை நடலாம் என்று கேட்பதற்கு முன்பாக, நீங்கள் தேர்ந்த இடத்தில் நீர் எவ்வளவு உயரத்தில், ஆண்டில் எத்தனை மாதம், எவ்வளவு உப்போடு நிற்கிறது என்பதை அறிந்தாக வேண்டும். நாற்றங்காலில் கிடைத்த கன்றுகளை வைத்துத் திட்டம் போடுவதுதான் இப்பணியில் மிகுதியும் நிகழும் பிழை.

படி 1: நீரின் கோடுகளைக் குறித்தல்

கரையிலிருந்து நீர்விளிம்பை நோக்கி ஒரு கயிற்றை நேராகக் கட்டி, மீட்டருக்கு ஒரு கம்பு நட்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் டியூப் லெவலை (நீர் நிரப்பிய குழாய்) கொண்டு ஒவ்வொரு கம்பின் அடித்தள உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் மூன்று கோடுகளைத் தேடுங்கள்: கோடையில் நீர் இறங்கி நிற்கும் கோடு, வடகிழக்குப் பருவமழையில் வழக்கமாக ஏறும் கோடு, பெருவெள்ளக் கோடு. முதல் இரண்டையும் சேற்றுக் கறையும் புல்லின் நிறமும் காட்டிவிடும். மூன்றாவதற்கு 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைக் கண்ட குடியிருப்பு மக்களிடம் கேட்பதே சிறந்த வழி. தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்பதை அவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள்.

படி 2: உப்பையும் மண்ணையும் சோதித்தல்

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. குடிநீரைச் சோதிக்கும் சிறிய டிடிஎஸ் மீட்டர்களால் இவ்வளவு உப்பைப் பெரும்பாலும் அளக்க முடியாது. கழிமுகப் பகுதிக்கு இறால் பண்ணையாளர்கள் நீரின் உப்பை அளக்கப் பயன்படுத்தும் ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். மே மாதத்தில் ஒருமுறையும் நவம்பரில் ஒருமுறையும் அளப்பது கட்டாயம், ஏனெனில் ஒரே இடம் கோடையில் உவராகவும் மழையில் ஏறத்தாழ நன்னீராகவும் இருக்கக்கூடும். அத்துடன் ஒரு முழ ஆழத்திற்குக் குழி தோண்டிப் பாருங்கள். எண்ணூர்ப் பகுதியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்கள் உள்ளன. படிவு தரையை உயர்த்திவிட்டால் ஓதம் அங்கே எட்டாது.

படி 3: பட்டைகளாகப் பிரித்துச் செடிகளைத் தேர்தல்

படி 1-இல் குறித்த கோடுகளுக்கு இடைப்பட்ட நிலத்தை உயரவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நன்னீர்ப் பகுதியில், ஆண்டு முழுதும் நீர் நிற்கும் இடத்துக்கு அல்லி போதும். சம்பு (நீரில் உயரமாக வளரும் புல் போன்ற செடி) உள்ளூர்ச் செடிதான் என்றாலும், கழிவுநீர் கலக்கும் இடங்களில் அது தானாகவே பரவி மற்றவற்றை மூடிவிடும் என்பதால் அதைப் புதிதாக நட வேண்டியதில்லை. நனைந்தும் காய்ந்தும் வரும் விளிம்பில் கோரை, ஆரை, நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி ஆகியவையும், சரிவு அரிக்கும் இடங்களில் வெட்டிவேரும் பொருந்தும். அதற்கு மேலே நொச்சி, புங்கை, நீர்மருது, நாவல் ஆகியவற்றையும், மேட்டில் பனை, பூவரசு ஆகியவற்றையும் வைக்கலாம். கால்வாயின் நீரோட்டப் பாதையில் மட்டும் எந்த மரத்தையும் நடாதீர்கள்; அது பிளாஸ்டிக் குப்பையைத் தடுத்து நிறுத்தி, வெள்ளத்தைக் குடியிருப்புகளுக்குள் திருப்பிவிடும்.

கழிமுகப் பகுதியில் அளவுகள் இன்னும் நுட்பமானவை. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி ஓதங்களின் ஏற்ற இறக்கமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆகவே ஒரு சாண் உயர வேறுபாடு கூட ஒரு செடி பிழைப்பதையும் மடிவதையும் தீர்மானித்துவிடும். ஓதம் வந்து வடியும் இடைப்பட்ட உயரத்தில் வெண்கண்டலும், கால்வாய் ஓரத்து ஈரச் சேற்றில் சுரபுன்னையும், உயர்ந்த உவர்த்தரையில் உமரியும் வளரும். நீர் தேங்கி உப்பேறிய பள்ளமாக இருந்தால், முதலில் ஓதநீர் உள்ளே வந்து வெளியேற வழி வெட்ட வேண்டும். பிச்சாவரத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு முதன்மைக் கால்வாயும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளைகளுமாக, மீன்முள் வடிவில் வெட்டிச் சிதைந்த கண்டல் (அலையாத்தி) காடுகளை மீட்டது இம்முறையில்தான். எப்போதும் வெறுமையாகத் தெரியும் சேற்றுத் திட்டுகளை நிரப்பிவிட வேண்டும் என்று மட்டும் எண்ணாதீர்கள். அவை வலசைப் பறவைகள் இரை தேடும் இடங்கள், மீனவர்கள் இறாலும் நண்டும் பிடிக்கும் இடங்கள். அங்கு தொழில் செய்வோரைக் கேட்காமல் வரைபடத்தில் ஒரு புள்ளியும் வைக்கக் கூடாது.

படி 4: அயல் தாவரங்களை நீக்குதல்

சீமைக்கருவேலத்தை வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். கரை முழுவதையும் ஒரே பருவத்தில் வெறுமையாக்கினால் மண் சரியும் என்பதால், நடவு செய்யவிருக்கும் பகுதியை மட்டும் முதலில் நீக்குங்கள். ஆகாயத்தாமரையை மழைக்கு முன்பே அகற்றுவது நல்லது.

படி 5: எண்ணிக்கையும் பருவமும்

கோரையை 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 11 தூர்கள் வேண்டும். 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள பட்டைக்கு ஏறத்தாழ 220 தூர்கள். மரங்களுக்கு 4 முதல் 5 மீட்டர் இடைவெளி விடுங்கள். மேட்டு மரங்களை ஆகஸ்டு, செப்டம்பரில் நட்டால் பெருமழைக்குள் வேர் பிடிக்கும். விளிம்புச் செடிகளை மழை ஓய்ந்து நீர் இறங்கும் ஜனவரியில், இறங்கும் கோட்டைப் பின்தொடர்ந்து நடுங்கள். கண்டல் விதைகளை இதே கழிமுகத்தின் மரங்களிலிருந்து திரட்டி, மழையால் உப்பு குறைந்திருக்கும் காலத்தில் ஊன்றுங்கள்.

ஏரி, கால்வாய்க் கரைகளுக்கு நீர்வளத்துறையின் அனுமதி தேவை. ஓதம் ஏறும் பகுதி கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு உட்பட்டது. வனத்துறையையும் முன்கூட்டியே அணுகுங்கள்.

படி 6: கவனித்தல்

நட்ட பின் மாதம் ஒருமுறை, பட்டை வாரியாக உயிரோடுள்ளவற்றை எண்ணுங்கள். ஒரு பட்டையில் மட்டும் செடிகள் மடிந்தால், அதே இனத்தை அங்கேயே மீண்டும் நடாமல், டியூப் லெவலை எடுத்துச் சென்று அந்தப் பட்டையின் உயரத்தை மறுபடி அளந்து, கோட்டைத் திருத்தி வரையுங்கள். ஆடு மாடு மேயும் இடங்களில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு முள்வேலி வேண்டும். நீக்கிய சீமைக்கருவேல முள்ளையே அதற்குப் பயன்படுத்தலாம், காய்களை உதிர்த்துவிட்டு.