ஈர வளைவில் வழுக்கிய டயர்: என் அனுபவம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு இறங்கும் மலைப்பாதையில், மழை ஓய்ந்த ஒரு காலையில், கொண்டையூசி வளைவொன்றில் என் ரோடு பைக் வகை சைக்கிளின் பின்சக்கரம் வழுக்கியது. நான் விழவில்லை என்பது என் நல்ல காலம். 23 மி.மீ. அகல டயரில் 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவுக்குக் காற்றை இறுக நிரப்பியிருந்தது என் தவறு. நீரை வெளியேற்றும் வரிப்பள்ளங்கள் வெட்டிய டயரே தீர்வு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சைக்கிள் டயர் குறுகலானது, வேகமும் குறைவு என்பதால், அது காரைப் போல நீர்ப்படலத்தின் மேல் மிதப்பதில்லை. பிடிப்பைத் தருவது ரப்பரின் மென்மையும், சாலையின் சொரசொரப்புக்கு ஏற்ப டயர் வளைந்து கொடுப்பதுமே ஆகும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் பிரேக்கிலும் அகலமான டயருக்கு இடமிருக்கிறதா என்று அளந்த பிறகு, மென்மையான ரப்பரால் ஆன 28 மி.மீ. வழுவழு டயர்களை மாட்டி, 68 கிலோ எடையுள்ள நான் முன்னே 70, பின்னே 75 பிஎஸ்ஐ வைத்தேன். இவை சற்று விரைவாகத் தேய்கின்றன; அந்தச் செலவை நான் பொருட்படுத்துவதில்லை. நனைந்த வெள்ளைக் கோடுகளின் மேல் மட்டும் இந்த டயர்களையும் நான் நம்புவதில்லை.