முன்கண்ணாடி வாங்கப் போகுமுன் ஒரு பெட்டி மட்டையை எடுங்கள்

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கடையில் தொங்கிய மோட்டார் சைக்கிள் முன்கண்ணாடிகளுள் ஆக உயரமானதை, அதுவும் புகை நிறத்தில், பார்த்தவுடன் வாங்கினேன். உயரம் கூடினால் காற்றும் மழையும் குறையும் என்பதுதான் என் கணக்கு. அன்றிரவே கனகராயன்குளம் தாண்டி வரும்போது கணக்குப் பிழைத்தது. எதிரே வந்த லொறியின் வெளிச்சம் கண்ணாடி முழுவதும் பரவி, முன்னால் வீதி இருப்பதே தெரியவில்லை. வெளிச்சம் விலகியபோது பத்துப் பதினைந்து மீற்றர் தூரத்தில் நான்கு மாடுகள் ஏ9 வீதியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. எப்படியோ நிறுத்திவிட்டேன். மாடுகள் எழும்பவில்லை; நான்தான் கால்மிதியில் எழுந்து நின்று, கண்ணாடிக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி மாங்குளம்வரை ஊர்ந்து வந்தேன்.

மறுநாள் அத்தானின் கராஜுக்குப் போனேன். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "மச்சான், நீ கண்ணாடி வாங்கினாயா, கதவு வாங்கினாயா?" என்று கேட்டார். பிறகு ஒரு பிஸ்கட் பெட்டியைக் கிழித்து எடுத்துவந்து அவர் செய்து காட்டிய அளவெடுப்பைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். 100 முதல் 160 சிசி வரையான சாதாரண வண்டியில், வன்னி வீதிகளில் தினமும் ஓடுகிறவர்களுக்கு இது போதும்.

கண்ணாடி காற்றை என்ன செய்கிறது?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருபடியாகக் கூடும். 40 கிலோமீற்றர் வேகத்தில் நெஞ்சில் படும் தள்ளுதல், 80 கிலோமீற்றரில் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. ஊருக்குள் சந்தைக்குப் போய்வருகிறவருக்கு அதனால்தான் கண்ணாடி தேவைப்படாது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிவரை ஒரே மூச்சில் ஓடி இறங்குகிறவருக்குத் தோளும் கழுத்தும் கடுக்கும்.

கண்ணாடியில் மோதும் காற்று அதன் மேல் விளிம்பைத் தாண்டிப் பாய்கிறது. விளிம்புக்கு மேலே ஓடுவது வேகமான, ஆனால் ஒழுங்கான காற்று. கீழே, உங்கள் நெஞ்சுக்கு முன்னால், ஏறத்தாழ அமைதி. இரண்டுக்கும் நடுவே சுழன்று குழம்பும் ஒரு படை உண்டு. வில்லங்கம் எல்லாம் இந்த நடுப்படையில்தான். தலைக்கவசம் அதற்குள் அகப்பட்டால் தலை கிடுகிடுவென்று ஆடும், காதுக்குள் பறை அடிப்பதுபோல் இரையும். கண்ணாடியே இல்லாமல் ஓடுவது அதைவிடச் சுகம்.

இன்னொரு விடயம், புதியவர்கள் பெரும்பாலும் அறியாதது. பெரிய கண்ணாடியின் பின்புறம் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். அந்தக் குறைவை நிரப்ப, காற்று பின்னாலிருந்து சுழன்று திரும்பி வரும். மழையில் தூறலையும் கூட்டிக்கொண்டு வரும். "கண்ணாடி பூட்டியும் முதுகு நனைகிறதே" என்பவர்களின் சிக்கல் பல நேரங்களில் இதுதான். கண்ணாடியின் அடியில், ஹெட்லைட்டுக்கு மேலே, ஓர் இடைவெளி விட்டு அதனூடாகக் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் இந்தச் சுழல் தணியும். அந்த இடைவெளியைப் பொலித்தீனால் அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடைக்காதீர்கள்.

நம் வீதிகள் கேட்பது

கண்ணாடி விற்கும் நிறுவனங்களின் படங்களில் பனி மலையும் நெடுஞ்சாலையும் இருக்கும். நமக்கு இருப்பது வேறு. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை மாரி. வைகாசிக்குப் பிறகு மாதக்கணக்கில் சோளகக் காற்று. கிரவல் வீதியில் உழவு இயந்திரமோ மணல் லொறியோ முன்னால் போனால் செம்மண் புழுதி. வயல் கரைகளில் பொழுதுபட்டதும் கண்ணுக்குள் விழும் பூச்சி. கச்சான் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாங்கிக் கொறிக்கும் கச்சானைச் சொல்லவில்லை, மேற்கிலிருந்து அனலாய் வருவதைச் சொல்கிறேன்.

பக்கக் காற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெட்டவெளி. சங்குப்பிட்டிப் பாலத்திலும் வட்டுவாகலிலும் அப்படித்தான், மறைப்புக்கு ஒரு பனை கூட இல்லை. அகலமான கண்ணாடி அங்கே பாய்மரம் ஆகிவிடும். ஹாண்டிலில் பூட்டிய கண்ணாடியைக் காற்று தள்ளினால் தள்ளப்படுவது ஹாண்டில். வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். 100 சிசி வண்டியின் எடையில் அதை நன்றாகவே உணர்வீர்கள். எதிரே பஸ் வேகமாகக் கடக்கும்போதும் இதே கதை.

ஆகவே என் தீர்ப்பு: வன்னிக்கு நடுத்தர உயரம், தோள் அகலத்தைவிடக் குறைவான அகலம். ஹெட்லைட்டின் மேல் குந்தியிருக்கும் சிறு துண்டு அழகுக்குத்தான். வேகமானிக்குப் புழுதி படாமல் காக்கும், உங்களைக் காக்காது. மூக்குவரை எழும்பும் பெரிய கண்ணாடி மாரியில் சொர்க்கம். ஆனால் ஆடி மாத நடுப்பகலில் நெஞ்சில் காற்றே படாமல் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

அளவெடுப்பு

இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் கடையில் ஒருவர் செய்து தருவார். இதை உங்களுக்காக யாரும் செய்ய முடியாது, ஏனென்றால் உங்கள் முதுகின் நீளமும் நீங்கள் உட்காரும் விதமும் உங்களுடையவை.

வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்துங்கள், ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். தினமும் போடும் தலைக்கவசத்தைப் போட்டு, தினமும் உட்காருவதுபோல் உட்காருங்கள். அளவெடுக்கும்போது எல்லோரும் படம் எடுக்கப்போவதுபோல் நிமிர்ந்துவிடுகிறார்கள். அதுதான் முதல் பிழை. மூன்று நான்கு தடவை மூச்சு விட்டு, உடம்பு தளர்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.

இன்னொருவர் ஒரு பெரிய பெட்டி மட்டையைக் கண்ணாடி வரப்போகும் இடத்தில், அதே சாய்வில் பிடிக்க வேண்டும். இப்போது பதினைந்து இருபது மீற்றர் தூரத்தில் தரையில் ஒரு செங்கல்லை வையுங்கள். வீதிக் குழியையும் படுத்திருக்கும் மாட்டையும் நீங்கள் பார்க்க வேண்டிய இடம் அது. மட்டையை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறக்கச் சொல்லுங்கள். செங்கல் முழுதாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, மட்டையின் மேல் விளிம்பு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஹெட்லைட்டின் மேற்பகுதியிலிருந்து அளந்து எழுதுங்கள். அதிலிருந்து 5 சென்ரிமீற்றரைக் கழியுங்கள். வருவதுதான் நீங்கள் வாங்கக்கூடிய ஆகக்கூடிய உயரம்.

ஏன் கழிக்க வேண்டும்? காற்று விளிம்போடு நின்றுவிடுவதில்லை, அதைத் தாண்டி மேல்நோக்கி எறிபட்டுத்தான் பின்னால் வருகிறது. எனவே கண்ணாடி கண்ணுக்குக் கீழே நின்றாலும் காற்று கண்ணுக்கு மேலே போகலாம். அதோடு, குழியில் சில்லு இறங்கும்போது வண்டியின் முன்பக்கம் ஆடும். அப்போதும் விளிம்பு பார்வைக்குக் குறுக்கே வரக்கூடாது.

கண்ணாடியினூடாகப் பார்த்து ஓடலாம்தானே என்று கேட்பீர்கள். கார் கண்ணாடிக்கு வைப்பர் உண்டு, இதற்கு இல்லை. மழைத்துளியும் பூச்சிக் கறையும் கீறலும் சேர்ந்த பிளாஸ்டிக்கில் எதிர் வெளிச்சம் பட்டால் என்ன நடக்கும் என்பதைக் கனகராயன்குளத்து மாடுகளிடம் கேளுங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் காட்டு வீதியில் அந்த இடத்தில் யானை நிற்கலாம்.

பின்னால் மனைவியோ பிள்ளையோ வழக்கமாக வருவார்கள் என்றால், அவர்களையும் ஏற்றி இன்னொரு தடவை அளந்து பாருங்கள். பின்பக்கம் அமிழ்ந்தால் முன்பக்கம் உயரும், விளிம்பும் உயரும். இரண்டு அளவில் குறைந்ததை எடுங்கள்.

கடையில்

"வைசர்" என்று கேட்டால் தலைக்கவசத்தின் முகமறைப்பை எடுத்து வைப்பார்கள், அல்லது ஹெட்லைட்டின் மேல்வரும் சிறு துண்டை. "விண்ட்ஷீல்ட்" என்று சொல்லி, அளவெழுதிய கடதாசியையும் காட்டுங்கள். பல வண்டிகளுக்கு அந்தந்த மாதிரிக்கென்றே செய்தவை கிடைக்கும். பழைய மாதிரிகளுக்குக் கிடைக்காவிட்டால் ஹாண்டிலில் பூட்டும் பொதுவான வகையை எடுக்கலாம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு நம்மில் பலர் பழைய வண்டியையே பழுதுபார்த்து ஓடிப் பழகியவர்கள் என்பதால் இந்தப் பொதுவகைதான் பலருக்குப் பொருந்தும். இந்த வகை வண்டிகளில் ஹாண்டில் குழாயின் தடிப்பு பெரும்பாலும் 22 மில்லிமீற்றர். கண்ணாடியோடு வரும் பிடிகளும் அதே அளவுதானா என்று பாருங்கள்.

பொருளில் இரண்டு வகை முக்கியம். அக்ரிலிக், நம்மவர் பெர்ஸ்பெக்ஸ் என்பது, தெளிவானது, எளிதில் கீறாது; ஆனால் கல் பட்டால் வெடித்து உடையும். பொலிகார்பனேட் அடி தாங்கும், வளையும், எளிதில் உடையாது. ஆனால் மேலே கீறல் தடுக்கும் பூச்சு இல்லாவிட்டால் சீக்கிரம் மங்கும். லொறிச் சில்லு கல்லைத் தெறிக்கும் நம் வீதிகளுக்குப் பூச்சுள்ள பொலிகார்பனேட்டையே சொல்வேன், விலை கூடினாலும். தடிப்பு 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வேகத்தில் படபடக்கும்.

நிறம் வேண்டாம். நிறமற்றதை எடுங்கள். புகை நிறக் கண்ணாடி பகலில் வண்டிக்கு ஒரு மிடுக்கைத் தரும் என்பதை மறுக்கவில்லை. என்னுடையது இப்போது கோழிக்கூட்டின் கூரையில் இருக்கிறது.

பூட்டுதல்

நான்கு இடங்களில் பிடிக்கும் தாங்கி இரண்டு இடங்களில் பிடிப்பதைவிட நல்லது. பிளாஸ்டிக்குக்கும் நட்டுக்கும் இடையே இறப்பர் வாஷர் கட்டாயம். நீங்களே துளை போடுவதானால் போல்ட்டின் தடிப்பைவிடச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள்; வெயிலில் பிளாஸ்டிக் விரியும், விரிய இடமில்லாவிட்டால் துளையிலிருந்து வெடிப்புத் தொடங்கும். ஸ்பானரைப் போட்டு முறுக்கித் தள்ளாதீர்கள், இறப்பர் இலேசாகப் பிதுங்கினால் போதும். நட்டு கழலாமல் இருக்க ஊற்றும் பசைத் திரவத்தைப் பொலிகார்பனேட்டுக்கு அருகே கொண்டுவரக்கூடாது, அது பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும். பெற்றோலும் அப்படித்தான்.

பூட்டியதும் வீதிக்கு ஓடாதீர்கள். ஹாண்டிலை இடப்பக்கம் முழுவதும், வலப்பக்கம் முழுவதும் திருப்புங்கள். கண்ணாடியோ அதன் தாங்கியோ பெற்றோல் டாங்கியில் முட்டுகிறதா? கிளட்ச், பிரேக் கேபிள்கள் இழுபடுகின்றனவா? அக்சிலேற்றரை முறுக்கி விட்டால், ஹாண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், தானாக மூடுகிறதா? மூடாவிட்டால் கழற்றிவிட்டு மறுபடி பூட்டுங்கள், இதில் சமரசம் கிடையாது. ஹெட்லைட்டும் சிக்னல் விளக்குகளும் இலக்கத் தகடும் மறையக்கூடாது.

ஓடிப் பார்த்தல்

காற்றில்லாத காலையில், வாகனம் குறைந்த நேரான வீதியில், 40, 50, 60 என்று படிப்படியாகக் கூட்டுங்கள். தலை ஆடினால் உடனே கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள். சீரான வேகத்தில் தலையை இரண்டு அங்குலம் தாழ்த்துங்கள். இரைச்சல் நின்றால் கண்ணாடி சற்றுக் குட்டை. ஓர் இரு சென்ரிமீற்றர் உயர்த்தலாம், அல்லது கொஞ்சம் நிமிர்த்தலாம். கால்மிதியில் இலேசாக எழும்பும்போது நிற்கிறதென்றால் கண்ணாடியைக் கீழிறக்குங்கள். இரண்டும் பயன் தராவிட்டால் அடி இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

மழையில் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். ஓடும்போது நெஞ்சு காயும், முழங்கால் நனையும். ரயில் கடவையில் நிற்கும்போது மழை நேராகத் தலையில் விழும். மழைக்கோட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. தலைக்கவசத்தின் முகமறைப்பையும் திறந்துவைத்து ஓட முடியாது. பூச்சிக்குக் கடைசிக் காவல் அதுதான்.

கழுவுதல்

உலர்ந்த துணியால் புழுதியைத் துடைத்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். ஈரத் துவாயைக் கண்ணாடிமேல் விரித்துப் பத்து நிமிடம் விடுங்கள். காய்ந்த பூச்சியெல்லாம் ஊறிக் கழரும். பிறகு மெல்லிய சவர்க்காரத் தண்ணீர், கையால் தடவிக் கழுவுதல், அவ்வளவுதான். வீட்டு யன்னல் துடைக்கும் நீலத் திரவங்களில் அமோனியா இருக்கக்கூடும். அது பொலிகார்பனேட்டை மங்கச் செய்யும். செய்தித்தாளாலும் துடைக்காதீர்கள்.

முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் ஒரு தடவை கையால் தொட்டுப் பாருங்கள், பிறகு மாதம் ஒருமுறை. கிரவல் வீதியின் அதிர்வு எதையும் விட்டுவைக்காது. இரண்டாவது கண்ணாடி பூட்டிய கிழமையே ஒட்டுசுட்டான் பக்கத்தில் எங்கோ ஓர் இறப்பர் வாஷரைத் தொலைத்தேன். அத்தான் பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு வட்டம் வெட்டிப் போட்டுத் தந்தார். "புதியது வந்ததும் மாற்றிவிடலாம்" என்றார். மூன்று மாரி போய்விட்டது, இன்னும் அதுதான் இருக்கிறது.